கட்டைவிரல் வெளியே

முதல் நாள் அவள் சொன்னது இதைத்தான்:
"கட்டைவெரல் வெளிய இருக்கணும்க்கா,
உள்ள மடிச்சுக் குத்துனா உடையறது உங்களுதுதான்."
நாற்பத்தொரு வருஷமாய்
உள்ளே மடித்துத்தான் வைத்திருந்திருக்கிறேன் போல.

பெனிட்டாவுக்கு இருபத்திரண்டு வயது.
மாவட்டப் பதக்கம் ஒன்று, புருவத்தில் தையல் மூன்று.
புளியந்தோப்பில் ஐஸ் குடோனுக்கு மேல்
தகரம் வேய்ந்த மொட்டைமாடி.
ஆறரைக்கெல்லாம் கூரை காயத் தொடங்கிவிடும்.
கீழேயிருந்து மீன் வாடையும் குளிரும்
ஒன்றாய்ப் படியேறி வந்து
பாதி வழியில் குளிர் மட்டும் திரும்பிப் போகும்.

நான் சுருக்கெழுத்துத் தட்டச்சர். பாரிமுனை, சிவில் கோர்ட்டு.
பதினெட்டு வருஷம் விரல்களை விரித்தே பிழைத்தவள்.
மூடு என்றால் நான்கு மூடுகின்றன;
சுண்டுவிரல் மட்டும்
ஏதோ ஓர் எழுத்தைத் தேடி வெளியே நீள்கிறது.

சர்க்கரை இருநூற்றுப் பத்து. நடக்கச் சொன்னார் டாக்டர்.
நடந்தேன், கார்ப்பரேஷன் பூங்காவின் எட்டுப் பாதையில்,
முன்னால் போகிறவரின் செல்போனில்
பங்குச் சந்தை ஏறி இறங்குவதைக் கேட்டபடி.
மூன்றாம் வாரம் அந்த எட்டு
என்னைக் கட்டிப்போட்ட முடிச்சாய்த் தெரிந்த காலையில்தான்
எதிர் மாடியில் கயிறு தரையைத் தட்டும் சத்தம்.

கைக்கட்டு நாலரை மீட்டர்.
மணிக்கட்டுக்கு மூன்று சுற்று, முட்டிக்கு மூன்று,
பிறகு விரலிடுக்குகளில் ஒவ்வொன்றாய்.
எனக்குக் கடைசியில் எப்போதும் ஒரு முழம் மிஞ்சும்.
"பொடவ கட்டுற கைதானே?" என்று சிரிக்கிறாள்.
இதில் கொசுவம் எங்கே செருகுவது, பெனிட்டா?

கிளவுஸ் பொதுச் சொத்து.
நேற்று யாருக்கோ வேர்த்தது
இன்று எனக்காக ஈரமாய்க் காத்திருக்கிறது.

ஜாப். ஜாப். கிராஸ்.
பேடில் பட்டதும் "சாரி" என்றேன்.
"எதுக்கு?"
தெரியவில்லை. மறுபடி குத்தினேன், மறுபடி சாரி.
ஒரு சாரிக்குப் பத்து உட்கார்ந்தெழு என்று விதி போட்டாள்.
அந்த வாரக் கணக்கு முந்நூற்று நாற்பது.
தொடை எரிய, கோர்ட்டுப் படிகளில்
சுவரைப் பிடித்து நண்டு மாதிரி இறங்கினேன்.
"மூட்டுவலியா மேடம்?" என்றார் பெஞ்ச் கிளார்க் தணிகாசலம்.
ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.
அவரிடமும் சாரி வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

ஸ்கிப்பிங் பதினொன்றைத் தாண்டியதில்லை.
பன்னிரண்டில் கால் சிக்கும்.
பக்கத்தில் எட்டாம் வகுப்பு ஃபர்ஹான்
கடலைமிட்டாயை மென்றபடி, எண்ணாமல்,
குதித்துக்கொண்டே இருக்கிறான்.

"மூச்சப் புடிக்காதீங்க. குத்தும்போது வுடுங்க."
டிக்டேஷனில் வாக்கியம் முடியும்வரை
மூச்சைப் பிடித்தே பழகிவிட்டது, என்ன செய்ய,
அதுவும் ஜட்ஜ் வாக்கியம், லேசில் முடியாது.

நேற்று முதன்முறையாக ஒன்று வாங்கினேன்.
அடி என்று சொல்ல முடியாது, தொட்டது. மூக்கில்.
கண்ணிலிருந்து கொட்டியது.
அழவில்லை.
மூக்குக்கும் கண்ணுக்கும் உள்ளே ஒரே குழாய் என்றாள்.
சரி, அழவில்லை,
ஆனால் அப்படி வடியவிட்டு நிற்பது
நன்றாகத்தான் இருந்தது,
துடைக்க விரலில்லாமல், காரணம் கேட்க ஆளில்லாமல்.
"கைய எறக்கிட்டீங்க," என்றாள்.
அவளுக்கு அவ்வளவுதான் விஷயம்.

இன்று பஸ்ஸில் பிடிக்கக் கம்பி கிடைக்கவில்லை.
இடது கால் முன்னே,
வலது குதிகாலை லேசாய்த் தூக்கி,
முழங்காலை இளக்கி நின்றேன்.
பேசின் பிரிட்ஜ் இறக்கத்தில் ஓர் ஆட்டோ குறுக்கே வர
டிரைவர் போட்ட பிரேக்கில்
லேடீஸ் பக்கம் மொத்தமும் முன்னால் சரிந்தது,
டிபன் பாக்ஸ், பூக்கூடை, கண்டக்டர் விசில் உட்பட.
நான் நின்றேன்.
என் தோளில் வந்து மோதிய அம்மாள்
முக்காட்டைச் சரிசெய்தபடி
"சாரிம்மா, சாரி" என்றாள்.

இருபது,
என்று வாய்வரை வந்துவிட்டது.