பதினோரு மில்லிமீட்டர்

இந்த வீடு நேராக நிற்கவில்லை என்று
வாங்கிய அன்றே ஓட்வார் சொன்னார்.
ஹாவ்கசுண்டின் பழைய மரவீடுகள் எல்லாமே
கடலைப் பார்த்துக் கொஞ்சம் குனிந்தவைதானாம்.
சிரித்துவிட்டு அவர் கடையிலேயே
பதினெட்டு மீட்டர் பைன் மோல்டிங் வாங்கினேன்.
மேலே ஒரு வளைவு, கீழே ஒரு பள்ளம்,
இடையில் கண்ணுக்குத் தப்பி
விரலுக்கு மட்டும் தட்டுப்படும் ஒரு வரப்பு.

டோர்கைர் அப்போது எண்ணெய் மேடையில்.
வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் என் பங்கு.
அவன் வந்ததும் தெற்கும் மேற்கும் அவனுக்கு.
இப்படித்தான் பிரித்தோம், தொலைபேசியில்,
நடுவே ஹெலிகாப்டர் சத்தம் கேட்க.

நாற்பத்தைந்தும் நாற்பத்தைந்தும் தொண்ணூறு.
பள்ளிக்கூடக் கணக்கு.
வெட்டி, மூலையில் பொருத்தினேன்:
மீன்வாய் போலப் பிளந்து நின்றது.
மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால்
சுவர்களுக்கு இடையே தொண்ணூற்றிரண்டு.
சரி, நாற்பத்தாறு என்று திருத்தி
ரம்பத்தை இடப்பக்கம் சாய்ப்பதற்குப் பதில்
வலப்பக்கம் சாய்த்துவிட்டேன்.
மூன்று தடவை.
மூன்றாவது தடவை திட்டியது ரம்பத்தை அல்ல.

பிசகிய துண்டுகளைப் பக்கத்து வீட்டுப் பிராகே
சட்டைப்பை கொள்ளாமல் அள்ளிப் போனான்.
சுறாவின் முதுகுத் துடுப்பாம் அவை.
சாயங்காலம் முழுக்க அவர்கள் வாசல் பனியில்
என் தவறுகள் நீந்திக்கொண்டிருந்தன.

அவன் திரும்பியபோது எனக்கு இரவுப்பணி.
பகலில் நான் தூங்குவேன் என்று
அவன் இரவில் அறுத்தான்.
காலையில் வந்தால்
குளியலறைத் தொட்டியில்கூட மரத்தூள்,
காப்பியில் பைன் வாசனை,
சோபாவில் காலுறையோடு ஓர் ஆள்.

கதவருகே தொடங்கியிருந்தான்.
அங்கே சண்டைக்கு வழியில்லை;
என் பட்டைக்கும் அவன் பட்டைக்கும் இடையில்
கதவு நின்றுகொண்டது.
வடமேற்கு மூலையில் ஜன்னலோரம்தான்
இரண்டும் முகத்துக்கு முகம் வந்தன.
அவனுடையது பதினோரு மில்லிமீட்டர் மேலே.

நான் தரையிலிருந்து அளந்தேன், தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர்.
அவன் உத்தரத்திலிருந்து அளந்தான், நூற்றி நாற்பத்தெட்டு.
கூட்டினால் இருநூற்று நாற்பது.
கணக்கில் ஒரு குற்றமும் இல்லை.
தரை கடல் பக்கம் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது.
உத்தரத்தை மட்டும் எந்தக் காலத்திலோ
யாரோ நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள்.

"கண் மேலேதான் பார்க்கும்" என்றான்.
"கால் கீழேதான் நிற்கும்" என்றேன்.
அதற்குமேல் யாரும் பேசவில்லை.
ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் சத்தம் மட்டும்
கொஞ்சம் அதிகமாய்க் கேட்டது.

பட்டி வைத்து மறைக்கலாம் என்று பார்த்தேன்.
பதினோரு மில்லிமீட்டருக்குப் பட்டி வைத்தால்
அது வீக்கம்.
அவனுடையதைப் பிடுங்கினால் அவன் நான்கு இரவு போகும்.
என்னுடையதைப் பிடுங்கினால்,
இல்லை, அதை யோசிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவன் ஹெலிகாப்டர் ஏறினான்.
புதன்கிழமை விறகுக் கொட்டிலில்
பட்டை உரியாத ஒரு பிர்ச் கட்டை கிடைத்தது.
சதுரமாய் அறுத்தேன்.
இழைத்து, விளிம்பு உடைத்து,
இரண்டு பட்டைகளின் நுனியையும்
ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிவிட்டு
மூலையில் அதை ஆணி அடித்து நிறுத்தினேன்.
இந்தப் பக்கம் என்னுடையது வந்து முட்டி முடிகிறது.
அந்தப் பக்கம் அவனுடையது, சற்று மேலே.
இப்போது பார்த்தால்
வேண்டுமென்றே செய்த வேலை.

இரண்டு வாரம் கழித்து வந்தான்.
காலணிகூடக் கழற்றவில்லை.
ரசமட்டத்தை எடுத்து
கட்டையின் தலையில் வைத்தான்.
குமிழி இப்படி அப்படி அசைந்து
நட்டநடுவில் போய் உட்கார்ந்தது.

"இந்த வீட்டிலேயே மட்டமான இடம் இதுதான்" என்றான்.
பிறகு, மெதுவாக,
"எங்கிருந்து அளந்தாய்,
தரையிலிருந்தா, மேலேயிருந்தா?"

வெறும் கண்திட்டம்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
காப்பி ஆறுகிறது என்றேன்.