காம்பு

காசாபிளாங்காவிலிருந்து வந்த கன்டெய்னர்.
உடைந்த குழாய்கள், நசுங்கிய தாம்பாளம், கதவுக் கைப்பிடிகள்,
இருபத்திரண்டு டன் பித்தளை.
மணலியில் இறக்கிப் பிரித்து உலைக்கு அனுப்புவோம்.
நான் எடை எழுதுகிறவள்.

பச்சையம்மா கையுறையோடு நீட்டினாள்:
"அக்கா, முருகன் சக்கரம்."
ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு முக்கோணம்.
திருப்பினால் 1288.
விளிம்பில் ஒரு பிசிறு,
மாங்காய் ஒடித்த இடத்துக் காம்பு மாதிரி.

சாயங்காலம் தங்கசாலைத் தெரு.
நாணயம் அடிப்பதை நிறுத்தி எத்தனையோ காலம்,
பெயர் மட்டும் இன்னும் பஸ் பலகையில் ஓடுகிறது.
பாரஸ்மல் கடையில் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார்.

"எழுநூறு வருஷமா?"
"ஹிஜிரி கணக்கும்மா. நூத்தைம்பதுதான்.
மொராக்கோ செப்பு. இது அடிச்சது இல்ல, வார்த்தது.
அச்சுல ஊத்தினா மரம் மாதிரி வரும்,
கிளைகிளையா காசு. ஒடிச்சு எடுக்கணும்.
அதான் இந்தக் காம்பு."

போரில் தோற்றார்களாம். தண்டத்தை
வெள்ளியில் கேட்டானாம் ஸ்பெயின்காரன்.
வெள்ளி கப்பலேறியது.
மிஞ்சிய செம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.
ஊற்ற ஊற்ற அது இளைத்தது.

"இருநூறு தரேன்."

என் கைக்கு எடைதான் தெரியும்:
பன்னிரண்டு கிராம்.
உலை விலையில் ஏழு ரூபாய் தேறாது.

அந்த ஊர்ச் சந்தையில்
ஒரு கோழிக்காக ஒருத்தி
கூடை நிறையச் செம்பு சுமந்திருப்பாள்.
யார் எண்ணுவது? தராசில் கொட்டியிருப்பார்கள்.
பக்கத்தில் ஒருத்தி
என்னைப் போல எழுதிக்கொண்டு.
இடுப்பு வலித்திருக்கும் அவளுக்கும்.

லாரி ஓட்டும் நைனா முகமது
தம்மாமில் பதினொரு வருஷம் இருந்தவர்.
பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார்:
"ஃபுலூஸா? அங்கே பணத்துக்கே அதாம்மா பேரு.
மாசக் கடைசியில அந்த ஒரு வார்த்தைதான் பேசுவோம்."

மறுநாள் பச்சையம்மா கேட்டாள்,
"துட்டு எவ்ளோ குடுத்தான்?"

துட்டு.
அதுவும் செம்புதான்,
டச்சுக்காரன் கப்பலில் வந்து
பழவேற்காட்டுச் சந்தையில் உருண்டது.
காசு எந்த உலையில் கரைந்ததோ,
சொல் இவள் வெற்றிலை வாயில்
இன்னும் செல்லுபடி.

"விக்கல" என்றேன்.
அவள் கையில் வைத்தேன்.
காம்பைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தாள்,
இன்னும் பால் வடியுமோ என்பது போல.
பிறகு ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்றைய சீட்டில்
கலப்புப் பித்தளை என்ற பத்திக்கு எதிரே
பன்னிரண்டு கிராம் குறைத்து எழுதினேன்.
முதலாளி பார்க்கவில்லை.