இருந்தால் சேர்த்துக்கொள்

புளியரையில் மழை. சோதனைச் சாவடியில்
வைக்கோல் லாரிகள் தார்ப்பாய் போர்த்தி நிற்கின்றன.
மாடியில் நான் பொதி கட்டுகிறேன்:
எடைமேடைச் சீட்டு அச்சடிக்கும் மென்பொருள்,
எவரோ எழுதி எல்லாருக்கும் கொடுத்தது.

நேற்று ஆரியங்காவிலிருந்து பீர்க்கண்ணு கூப்பிட்டார்:
"திறக்கவே மாட்டேங்குது, சேச்சி.
ஸ்கேனர் லைப்ரரி இல்லைங்குது.
இங்க ஸ்கேனரே கிடையாதே."

ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது.
போன வருஷம் பட்டா நகலெடுக்க வாங்கியது.
தொகுக்கும்போது நிரல் என் கணினியைத் துழாவி
அந்த லைப்ரரியைக் கண்டதும்
ஒரு வார்த்தை கேட்காமல் பிடித்துக்கொண்டது.
என் வீட்டில் சும்மா கிடந்தது
மலைக்கு அந்தப்பக்கம் கட்டாயமாகிவிட்டது.

இன்றிரவு எதையும் ஊகிக்க விடுவதில்லை.
ஸ்கேனர்: வேண்டாம். தனிப்பொதி,
கேட்பவர் வாங்கிக்கொள்ளட்டும்.
எடை நிலைத்ததும் கூவும் ஒலி: பரிந்துரை.
கிளீனர் பையன் தூங்குகிறான் என்றால் கழற்றிவிடலாம்,
மற்றதெல்லாம் ஓடும்.

மலையாள எழுத்துரு.
இங்கே விரல் நின்றது.
'விருப்பம்' என்று குறித்திருக்கிறார் எழுதியவர்,
எந்த ஊரில் இருந்துகொண்டோ.
அவர் ஊரில் அது சரி.
கணவாய் தாண்டினால்
அது இல்லாத சீட்டில் பெயர் இராது,
வரிசையாக வெற்றுக் கட்டங்கள்தான்.
அடித்துவிட்டு எழுதினேன்: தேவை.
பதினொரு எம்.பி. கூடுகிறது. கூடட்டும்.

எதுவும் நிறுவாத வெறுங்கணினியில்
ஒருமுறை கட்டிப் பார்த்தேன்.
என் பழக்கம் எதுவும் ஒட்டவில்லை.

விடியுமுன் வாட்ஸாப்பில் ஒரு படம்:
9,480 கிலோ, வைக்கோல்,
டிரைவர் பெயர் மலையாளத்தில்.
ஓரத்தில் நனைந்த கட்டைவிரல்.