ஆறு மீட்டர்

கேபிளின் நீளம் ஆறு மீட்டர்.
பத்தொன்பது கோடைகளாக
நான் போகக்கூடிய தூரமும் அதுதான்.

நடனம் முடிந்ததும் ஒவ்வொரு இரவும்
உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே அதைச் சுற்றுவேன்.
"அப்படிச் சுற்றாதே, உள்ளே செம்பு முறுக்கிக்கொள்ளும்"
என்பார் டிரம்ஸ் வாசிக்கும் தவுனோ.
முறுக்கிக்கொண்டது. மூன்று முறை ஈயம் வைத்தேன்.
போன ஆண்டு கெர்ட்டுவின் குதிகாலில் மாட்டி
மேடையிலிருந்து அவளை விழவைத்தது.
அவள்தான் விழுந்தாள். அக்கார்டியனை
இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

அந்த வாரமே வாங்கிவிட்டோம்,
தீப்பெட்டி அளவில் இரண்டு.
ஒன்று என் இடுப்பு வாரில், ஒன்று ஆம்ப்பின் தலையில்.
நால்வரின் ஒரு ராத்திரிச் சம்பளம்.
பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான் சடங்கு.

முதல் இரவு
ஆறு மீட்டருக்குள்ளேயே நின்றேன்.
திரும்பும்போதெல்லாம் வலது காலைத் தூக்கிவைத்தேன்.
"ஹில்யா, எதைத் தாண்டுகிறாய்?" என்றாள் கெர்ட்டு.
குனிந்து பார்த்தேன்.
பலகை. பலகையில் ஆணி.

இரண்டாம் சனிக்கிழமை படியிறங்கினேன்.
பெண்கள் ஆணைத் தேர்ந்தெடுக்கும் சுற்று அது.
சுவரோரம் வரிசையாக, கையைப் பின்னால் கட்டி
காத்திருந்த ஆண்களை ஒட்டியே நடந்தேன்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
பேஸ் வாசிப்பவளை யார் பார்ப்பார்கள்?
பாட்டு பிடித்தால் பாடகனைப் புகழ்வார்கள்,
கால் இடறினால் தரையைத் திட்டுவார்கள்.

வாசல். வெளியே சரளைக்கல்.
பதினோரு மணிக்கும் வெயில், ஏரிமேல் சாய்ந்து.
விரல் இங்கே மீட்ட, சுரம் அங்கே அரங்குக்குள் பிறந்து
கூரைக்குக் கீழே நுழைந்து, பிர்ச் மரங்களைக் கடந்து
பிந்தி வருகிறது என்னிடம்,
யாரோ மீட்டியதுபோல.
தவுனோவின் தாளமும் பிந்தித்தான் வருகிறது.
அதைக் கேட்டு மீட்டினால் உள்ளே நான் தாமதம்.
கேட்பதற்கு ஒரு மயிரிழை முன்னதாக மீட்ட வேண்டும்,
இன்னும் வராத அடியின்மேல்.
இரண்டு வரி தடுமாறி, பிறகு பிடிபட்டது.
என் பேஸை நான் வெளியே நின்று கேட்டதேயில்லை.
சற்றுக் கனமாக இருந்தது. மோசமில்லை.

நாற்பது மீட்டரில் தின்பண்டக் கடை.
ஜன்னலுக்குள் ஆய்னி
இறைச்சி பப்ஸ் ஒன்றை மைக்ரோவேவில் வைத்து
பொத்தானை அழுத்தினாள்.

பேஸ் நின்றது.

விரல் ஓடிக்கொண்டேயிருக்கிறது, கம்பி அதிர்கிறது,
அங்கே எதுவும் இல்லை.
அக்கார்டியன் இருந்தது, குரல் இருந்தது,
டாங்கோ மட்டும் காற்றில் கால் வைத்தது.
திறந்த கதவு வழியே பார்த்தேன்:
சுழலப் போன ஜோடிகள் பாதியில் தயங்கி,
ஒரு முதியவர் தன் காலணியையே உற்றுப் பார்த்து,
ஒரு பெண் கூரையை நிமிர்ந்து பார்த்து.
எல்லோரும் எதையோ தேடினார்கள்.
எதை என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆய்னியும் தலையை வெளியே நீட்டினாள்.
"என்னவோ நின்றுபோனதே, என்ன அது?"

"நான்" என்றேன்.

டிங் என்றது பெட்டி.
உடனே அரங்கின் பலகைகளுக்கு அடியிலிருந்து
கனத்து, சற்றுப் பிந்தி, திரும்பி வந்தேன்.
உள்ளே கால்கள் தரையைக் கண்டுபிடித்தன.

பிறகு தவுனோ திட்டினார், நியாயம்தான்.
சேனலை மாற்றிப் பார்க்கலாம் என்றான் பாடகன்.
கடைப்பக்கம் போகாமலிருந்தால் போதும் என்றாள் கெர்ட்டு.

நான் எதுவும் சொல்லவில்லை.
அடுத்த சனிக்கிழமையும் நடந்தேன் அதே சரளையில்.
கடையில் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.
கடுகு போட்டு ஒன்று, வெறுமனே ஒன்று.