இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு

ஒரு கிழமையாய்க் கேட்டார்கள்.
பார்சலைத் தராசில் வைத்தபடி கேட்டார்கள்.
சலூனில், கத்தி என் தொண்டையருகே நிற்கையில்
கத்தி பிடித்தவனே கேட்டான்:
"நீங்கள்தானே புள்ளி போடுற ஆள்,
சொல்லுங்கோ, றெஜி தாங்குவானோ?"

நடுவர் கதைக்கக் கூடாது.
"கனடாவுக்கோ? இருநூறு கிராம் கூடிப்போச்சு" என்றேன்
அடுத்த பார்சல்காரரிடம்.

ஆனால் இரவில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு
நானும் நிறுத்தேன்.

றெஜினோல்ட். குருநகர் ஐஸ் பக்டரி.
நாற்பதுக்கு இன்னும் நாலு மாதம்,
நாற்பது தொட்டால் சட்டப்படி கையுறை இல்லை.
பதினொரு வருசம் இந்தப் பக்கத்தில்
அவனை ஒருத்தரும் விழுத்தவில்லை.
இடது புருவத்தில் மூன்று தழும்பு,
ஒன்று நான் கொடுத்தது.
அன்றைக்குத் தோற்றதும் நான்தான்.

கஜரூபன். சுன்னாகம். இருபத்திரண்டு.
சீமெந்துக் கல் அரிகிற இடத்தில் வேலை.
ஏழு சண்டை,
ஏழும் இரண்டாம் மணி அடிக்க முதல் முடிந்தவை.
அந்த வலது கையை வாங்கியவர்கள் சொன்னது:
நோகவில்லை, அண்ணை.
வெளிச்சம்தான் நிண்டது.

சனிக்கிழமை. பாசையூர் மைதானம்.
சோளகம் கடலிலிருந்து
ஜெனரேற்றர் புகையைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவந்தது.
பல்புகளில் ஈசல்.

முதல் சுற்றில் றெஜி பெரிதாய் ஒன்றும் செய்யவில்லை.
அடி வந்த இடத்தில் அவன் இல்லை,
அவ்வளவுதான்.
பத்து, ஒன்பது.

இரண்டாவதை என்னென்று எழுத.
வட்டிக்காரனுக்குக் காசு எண்ணிக் கொடுப்பதுபோல்
நிதானமாய், ஒவ்வொன்றாய்,
விலாவில், விலாவில், பிறகு மூக்கில்.
பெடியன் காற்றை அடித்துக் களைத்தான்.
என் பின்னால் ஒரு கிழவர் எழும்பி நின்று
சாரத்தை மடித்துக் கட்டினார்.
பத்து, ஒன்பது.
பேனை நடுங்கியது, சந்தோசத்தில்.
நடுவருக்கு அதுவும் கூடாது.

மூன்றாவதில் ஒரு நிமிடம் மிச்சம்.
வலது கை புறப்படுவதை றெஜி கண்டான்.
அவன் கண்டதை நான் கண்டேன்.
கண் சொன்னது.
கால் கேட்கவில்லை.

ட்ரான்ஸ்போமர் வெடிக்கும்போது வருமே,
அந்தச் சத்தமும் அதற்குப் பிந்திய அமைதியும்.
நாலு வரைக்கும் அவன் பலகையோடு பலகை.
ஆறில் ஒரு முழங்கால்.
எட்டில் நின்றான்,
யாரோ பின்னாலிருந்து தூக்கி நிறுத்தியதுபோல.
மிச்ச நேரமெல்லாம் அவனைக் கட்டிப்பிடித்துத்
தொங்கிக்கொண்டிருந்தான்.
மணி.
எட்டு, பத்து.

கூட்டினேன். திரும்பக் கூட்டினேன்.
இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு.
தாளின் அடியில் ஒரு பெட்டி:
சமமாயின் வென்றவர் பெயரைக் கட்டாயம் குறிப்பிடுக.
மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றது
அப்போது எனக்குத் தெரியாது.

ஆறு நிமிட மூளை
ஒரு விநாடிக் கையை விடப் பாரமா?
தபால் கந்தோரில் அதற்குத் தராசு கிடையாது.
மேசைக்காரர் கையை நீட்டினார்.
நான் கொம்பு போட்டேன்.
கொம்பு போட்டபிறகு
அந்தப் பெட்டியில் கஜரூபன் என்று எழுத முடியாது.

சனம் றெஜியைத் தூக்கியது, பட்டாசு கொளுத்தியது.
சுன்னாகத்தார் என் அம்மாவை இழுத்தார்கள்,
அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

எல்லாம் அடங்கியபிறகு
பைப்படியில் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.
கையில் கட்டு இன்னும் அவிழவில்லை.
என்னை அடையாளம் கண்டு சிரித்தான்.
பிறகு மெல்ல, கடன் கேட்பவன் குரலில்:

"மச்சான், அந்த ரெண்டாவது ரவுண்ட்…
எப்பிடி அடிச்சனான்?
முதலாவது முடிஞ்சு கதிரையிலை இருந்தது ஞாபகம்.
அதுக்குப் பிறகு
தூக்கினாங்கள், அதுதான் ஞாபகம்."

தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

வடிவா அடிச்சனீ என்றேன்.
அவன் மற்றக் காதைத் திருப்பினான்.
திரும்பச் சொன்னேன்.