தடுப்புக்கு அந்தப் பக்கம்

விளக்கணைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறாள்
கல்முனைக்காரி நிலூஃபா,
பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து.

பெயரா?
ஆபீஸில் நான் மிஸ் சவரிமுத்து.
பாஸ்போர்ட் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது.
அப்பா விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை;
மனாமாவில் தினம் ஒன்பது மணி நேரம்
சரக்கு ரசீதுகளில் கையெழுத்துப் போடுகிறார்.

வயது விசாவில் இருப்பதுதான், ஒன்றைக் கூட்டிக்கொள்.
சமைக்கத் தெரியும். குப்பூஸ் மலிவு.
பிடித்த நிறம்?
ஏசியில் எரியுமே, அந்தச் சின்னப் பச்சை.
ஜூலையில் ஒருமுறை அது அணைந்தபோது
எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
பயம்: கரப்பான், ஸ்பான்ஸர், அதிகாலை போன்.
இந்த வரிசையில் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில்
தலைக்குச் சாயம், துணி, பிறகு கடலோரம் ஒரு நடை.
போன ரமலானில் பாலத்தருகே ஒரு கிழவர்
பேரீச்சம்பழப் பொட்டலத்தை நீட்டி
எந்த ஊர் என்று கேட்டார்.
முஹர்ரக் என்றேன், ஏனென்று தெரியவில்லை.
நம்பியதுபோல் தலையாட்டினார்.

'கலியாணம் முடிச்சிட்டீங்களா அக்கா?'

உங்கள் ஊரில் எவ்வளவு சரியாகக் கேட்கிறீர்கள்.
முடித்துவிட்டேன்.
பத்தொன்பது மாதம் பிடித்தது.
கடைசிக் கையெழுத்தை இங்கிருந்தே போட்டேன்,
தூதரக வாசலில்.
பேனா காவலாளியுடையது,
திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.
இன்னும் எழுதுகிறது.

சரி, ஒன்று நான் கேட்கிறேன்:
உன் போன் முகப்பில் பல்லில்லாமல் சிரிக்கிறானே,
அவனை யாரிடம் விட்டுவந்தாய்?

தடுப்பு ஒருமுறை முனகியது.
பிறகு சீரான மூச்சு; ரொம்பவும் சீரான மூச்சு.

தூங்கு.
நானும் சில கேள்விகளுக்கு
இப்படித்தான் தூங்கியிருக்கிறேன்.