பதினேழாவது வரி

ரெஹேமா என்று சட்டைப்பைமேல் எழுதியிருந்தது.
ஒட்டப் பின்னிய தலை, அதன்மேல் நீலத் தொப்பி.
தான்சானியா எங்கே இருக்கிறதென்று
எனக்கு அன்று தெரியாது.
வலி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.
நேராக இடுப்பில் கைவைத்து அழுத்தினாள்.

"படிக்கிற புள்ளகிட்ட விட்டுட்டாங்களே உன்ன"
பக்கத்துக் கட்டில்காரி முணுமுணுத்தாள்.
நானும் அதைத்தான் நினைத்தேன்.
முதல் பிள்ளைக்கு ஏழு தையல் போட்ட புதுச்சேரி ஆஸ்பத்திரி இது.

ராத்திரி இரண்டரை.
மூன்று மின்விசிறியில் ஒன்று ஓடியது.
அவள் தமிழ் ஒரு குட்டி நோட்டில் இருந்தது.
மூச்சு. பொறு. தண்ணி. திரும்பு.
மாத்திரை போல ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தாள்.
முக்கு என்ற இடத்தில் மட்டும் சிரிப்பு வந்தது அவளுக்கு.
இரண்டு வலிக்கு நடுவே காரணம் சொன்னாள்.
வந்த புதிதில் அவளுக்குத் தெரிந்த முக்கு
நெல்லித்தோப்பு முக்கு, ஹாஸ்டல் முக்கு,
ஷேர் ஆட்டோவை நிறுத்தச் சொல்கிற இடம்.
பிரசவ அறையில் எல்லாரும் முக்கு முக்கு என்று கத்த,
இந்த அம்மா எங்கே இறங்கப் போகிறாள் என்று
முதல் நாள் குழம்பி நின்றாளாம்.

சிரித்தேன்.
சிரித்ததில் பனிக்குடம் உடைந்தது.
சந்தானமேரி சிஸ்டர் திட்டியது
என்னையா அவளையா, இன்றுவரை தெரியாது.

நாலு மணிக்குத் தலை தெரிகிறது என்றார்கள்.
எனக்குத் தெரிந்தது அவள் புருவத்து வியர்வை.
நோட்டு எங்கோ கிடந்தது,
தமிழ் அவளை விட்டு ஓடியிருந்தது.
"சுக்குமா! சுக்குமா!" என்றாள்.
சுக்கா? அதை மாமியார் இடித்து வைத்திருக்கிறாள்,
அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.
இல்லை, சுகமா என்கிறாள்.
உடம்பு இரண்டாகப் பிளக்கிற நேரத்தில்
காலடியில் நின்றுகொண்டு ஒருத்தி
சுகமா என்று கேட்கிறாள்!
வந்த கோபத்தில் முக்கினேன் பாருங்கள்.

பெண்.

கொடி துடித்து அடங்கும்வரை வெட்டாமல் நின்றாள்.
நஞ்சுக்குக் காத்திருந்த அந்தக் கால் மணியில் சொன்னாள்,
அவள் ஊரில் முக்கு என்பதற்கு அதுதான் வார்த்தையாம்.
போன மாசம் தங்கைக்கும் அதையே கத்தினாளாம்,
ஹாஸ்டல் மொட்டைமாடியில் போனைப் பிடித்துக்கொண்டு.
படம் உறைந்தபோது தங்கையின் வாய் திறந்திருந்தது.
திரும்பி வந்தபோது
துணியில் சுற்றிய பிள்ளை.
"இங்க பதினாறு பாத்தேன்.
அது மட்டும் பாக்கல."
கையைக் கழுவிவிட்டு
என்னைப் பதினேழு என்று எழுதப் போனாள்.

நாலு மாசம் கழித்து, முத்தியால்பேட்டையில்
நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை.
தடித்த பதிவேடு ஒன்றை ஒரு கை நீட்டியது,
மூன்று காப்பி.
நிமிர்ந்து பார்க்கவில்லை அவள்,
போனில் அவளுடைய மொழி ஓடிக்கொண்டிருந்தது.
கண்ணாடியில் கவிழ்க்கும்போது கண்ணில் பட்டது.
17. வயது 28. இரண்டாம் பிரசவம். பெண். 2.9 கிலோ.
கிழிசல் இல்லை.
குறிப்பு என்ற கட்டம் காலி.
நான் சிரித்ததை, கோபப்பட்டதை
எந்தக் கட்டத்தில் எழுதுவாள், பாவம்.

"சுகமா?" என்றேன்.

போன் காதிலிருந்து இறங்கியது.
என் முகத்தைப் பார்த்தாள், யோசித்தாள்,
மேசைக்கு மேலே எட்டி என் வயிற்றைப் பார்த்தாள்.
"இப்பவா? இங்கயா?"
சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.
பின்னால் நின்ற ஆதார் அட்டைக்காரர்
கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மிஷினில் பேப்பர் சிக்கியது.
முனையைப் பிடித்து இழுக்கப் போனேன்.
மணிக்கட்டில் வந்து விழுந்தது அதே கை.
"பொறு" என்றாள்.